பெட்டி போன வழி

வாசலில் இருந்த காவலருக்கு ஆர்மோனியத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது அவருடைய கடமை. சிறைக்குள் எது போனாலும் திறந்து பார்த்த பிறகுதான் போகும். மேசையில் வைத்து மேல்மூடியைக் கழற்றினேன். கட்டைகளும் அவற்றைப் பிடித்திருக்கும் கம்பிகளும் தெரிந்தன. "அதுக்குக் கீழ?" என்றார். கட்டைகள் பதித்த பலகையையும் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினேன். அடிப்புறத்தில் பித்தளை ரீட்டுகள் வரிசையாகத் தைத்திருந்தன. அதற்கும் கீழே வெறும் அறை. காற்று வந்து தங்கிப் போகிற இடம். டோர்ச் அடித்து அந்த வெற்றிடத்தின் நாலு மூலையையும் பார்த்தார். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சொல்லித் தலையாட்டிவிட்டுத் தடித்த பதிவேட்டைத் திறந்து ஒரு வரி எழுதினார். ஆர்மோனியம், 1.

கொழும்பிலுள்ள சிறையொன்று. நவராத்திரிக் காலம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து சேர்ந்த பஜனைக்காரர் ஐந்து பேர் போயிருந்தோம். தாளத்தையும் டோலக்கையும் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். பெட்டியை மட்டும்தான் குடலை உருவிப் பார்த்தார்கள். பலகையை மறுபடி பொருத்தி, ரீட்டில் தூசி தங்கிவிடாமல் ஊதித் துடைத்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பெட்டியின் இனத்தையே எத்தனை வாசல்களில் மறித்திருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்தது.

அதன் வழி நீண்டது. சீனத்தில் ஷெங் என்றொரு பழைய கருவி உண்டு. குடுக்கையில் மூங்கில் குழல்களைச் செருகி வாயால் ஊதுவார்கள். குழலுக்குள் ஒரு சிறு தகடு. ஒரு முனை ஒட்டியிருக்கும், மறு முனை காற்றில் துடிக்கும். அந்தத் துடிப்புத்தான் ஓசை. 1780ஐ ஒட்டிய காலத்தில் கிராட்சென்ஸ்டைன் என்ற அறிஞர் கோப்பன்ஹேகனில் இதே வகைத் தகட்டை வைத்து ஒரு கருவி செய்தார். பாட்டு வாசிக்க அல்ல. மனிதக் குரலின் உயிரெழுத்து ஒலிகளை ஒரு பொறியால் எழுப்ப முடியுமா என்று பார்க்க. இதை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஐரோப்பாவில் அந்தத் தகடு முதலில் வாய் திறந்தது உயிரெழுத்தைச் சொல்வதற்காக!

பிறகு 1842இல் பாரிஸில் அலெக்சாந்தர் டெபேன் தன் கருவிக்கு ஹார்மோனியம் என்று பேர் வைத்துக் காப்புரிமை வாங்கினார். மேசை உயரம், கதிரையில் இருந்து காலால் மிதித்துக் காற்றேற்ற வேண்டும். தேவாலயத்துக் குழாய் ஓர்கனைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோக முடியாத பாதிரிமாருக்கு இது கைகொடுத்தது. அப்படித்தான் கிழக்கே வந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ், 1875இல் துவார்க்கின் என்ற கடையைத் தொடங்கியவர், அதன் காலை வெட்டினார். மிதிப்பலகையை எடுத்துவிட்டுத் துருத்தியைப் பின்னுக்கு வைத்தார். இனி இடக்கை காற்றேற்றும், வலக்கை வாசிக்கும், ஆள் சம்மணம் கட்டி நிலத்தில் இருக்கலாம். பாய் விரித்த வீட்டுக்குள் அது வந்தது அந்த மாற்றத்தால்தான். அன்றைக்கே அது நம்முடையதாகிவிட்டது என்பேன்.

கொழும்புக்கு அது நாடகக்காரர் தோளில் வந்தது. பம்பாய்ப் பார்சி நாடகக் குழுக்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்து ஆடின. அவர்களுடைய மெட்டுகளில் மயங்கிச் சிங்களத்தில் நூர்த்தி என்ற இசைநாடகம் பிறந்தது. ஜோன் டி சில்வாவின் நாடகங்களுக்கு இசையமைக்க விஸ்வநாத் லவ்ஜி இந்தியாவிலிருந்து வந்தார். 1911 டிசம்பரில் மருதானையில் டவர் ஹோல் அரங்கு திறந்தபோது அந்த மேடைக்கு ஆர்மோனியம் இல்லாமல் ஒரு காட்சியும் நகராது என்ற நிலை. தமிழ்ப் பக்கம் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகச் சீடர்கள். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பலும் வந்த பிறகு, மதுரையில் கட்டிய திரை கொழும்பில் அவிழ அதிக நாள் எடுக்கவில்லை. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து மேடையேறியது 1926இல் இந்தக் கொழும்பில்தான். கிட்டப்பாவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். யாழ்ப்பாணத்தில் நாடக நடிகர் வைரமுத்து அரிச்சந்திரனாக மயானத்தில் நின்று குரல் கொடுக்கும்போது கீழே பெட்டிக்காரர் அந்தச் சுருதியைத் தாங்கிப் பிடிப்பார். என் தகப்பனார் வாங்கிய பெட்டியும் கொட்டாஞ்சேனையில் ஒரு நாடகக்காரர் கை மாற்றிவிட்டதுதான். பக்கப்பலகையில் முகப்பூச்சின் கறை ஒன்று இன்னும் இருக்கிறது. பொலிஷ் அடித்தவர் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

தமிழில் இந்தப் பெட்டி விட்ட தடம் எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒரு சொல் போதும். பாடகருக்கு என்ன கட்டை என்று கேட்கிறோம். நாலு கட்டை, ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை. எந்தக் கட்டை? ஆர்மோனியத்தின் கட்டைதான். முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்தது இரண்டு, நடுவில் வரும் கறுப்பு அரை. பெட்டியைத் தொட்டே பார்க்காத வித்துவானுடைய குரலையும் இந்தப் பெட்டியின் பல்லை எண்ணித்தான் அளக்கிறோம்.

அப்படியிருந்தும் பெரியவர்கள் அதை விரட்டினார்கள். 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி அதை நம் இசையின் பகையாகக் கண்டார். பாரதி சங்கீத விஷயம் பற்றி எழுதியபோது அவர் கோபத்தின் கணிசமான பங்கு ஆர்மோனியத்தின் தலையில் விழுந்தது. அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் அதை நிலையத்துக்குள் விடவில்லை. தாகூரும் அந்த முடிவுக்கு ஆதரவாக இருந்தார். 1971இல்தான் அந்தக் கதவு மெல்லத் திறந்தது. யாழ் நூலை 1947இல் நமக்குத் தந்துவிட்டுப் போன விபுலாநந்த அடிகள் மறைந்த யாழின் நரம்பைத் தேடி வாழ்நாளைச் செலவழித்தவர். அவர் சார்ந்த இராமகிருஷ்ண மிஷனின் பஜனைக்கோ இன்றும் துணை இந்தப் பெட்டிதான்.

விரட்டியவர்கள் சொன்னது சரி. அதை நான் மறுக்க வரவில்லை. நம் இசையில் ஒரு சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசையும், வழுக்கும், அடுத்த சுரத்தை எட்டிப் பார்த்துத் திரும்பும். தோடியில் ஒரு காந்தாரத்தை ஆர்மோனியத்தில் எழுப்பிப் பாருங்கள், பாவமாக இருக்கும். ஆணியடித்த மாதிரி நிற்கும். கச்சேரி மேடையில் அது குற்றம். ஆனால் பாடத் தெரியாதவன், பாட்டை விட்டு இருபது வருஷமானவன், தன் குரலைத் தானே கேட்கக் கூசுகிறவன் ஒருவன் பக்கத்தில் அதே சுரம் ஆணியடித்த மாதிரி நின்றால், அவனுக்கு அது சுவர். சாய்ந்துகொள்ளலாம். அவன் பிசகினாலும் அது பிசகாது. அவன் நிறுத்தினாலும் அது காத்திருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் கண்டேன்.

அந்த மண்டபத்துக்குப் போகும் வழியில் ஒரு சிறை மதிலைத் தாண்டவேண்டும். பொரளைப் பக்கம் பேஸ்லைன் வீதியால் போகிற எந்தத் தமிழனுக்கும் அங்குள்ள சிறை மதில் வெறும் கல் அல்ல. வெலிக்கடைச் சிறை 1841இல் வெள்ளைக்காரன் கட்டியது. 1983 ஜூலை 25இலும் 27இலும் அதற்குள்ளே 53 தமிழ்க் கைதிகளை அடித்துக் கொன்றார்கள், முதல் நாள் 35, மறுநாள் விட்டு அடுத்த நாள் 18. அதே நாட்களில் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைகள் எரிந்துகொண்டிருந்தன. 2012 நவம்பரில் அங்கே மறுபடியும் 27 கைதிகள் செத்தார்கள். நாங்கள் போனது எந்தச் சிறை என்று இங்கே சொல்லவில்லை. ஆனால் இந்த நகரத்தில் எந்தச் சிறைக்குள் கால் வைத்தாலும் அந்தக் கணக்கு கூடவே உள்ளே வரும். எங்கள் குழுவில் மூத்தவர், எழுபத்தைந்தைத் தாண்டியவர், வாசல் படியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

உள்ளே முப்பது பேர் அளவில் பாய்களில் இருந்தார்கள். நாட்டின் சிறைகளில் இடத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தீர்ப்பே காணாத விளக்கமறியல்காரர். நெருக்கி நெருக்கித் தூங்கிப் பழகியவர்கள் பரந்த மண்டபத்திலும் தோளோடு தோள் ஒட்டித்தான் இருந்தார்கள். விநாயகர் பாட்டில் தொடங்கினோம். நாங்கள் ஒரு வரி, அவர்கள் ஒரு வரி. அவர்கள் வரி வரவில்லை. கைதட்டல் வந்தது, அதுவும் எண்ணிக் கொடுத்தது போல. இரண்டு பாட்டு போயிற்று. முன்வரிசையில் இருந்தவர்கள் எங்களுக்காக வாயசைத்தார்கள். பின்னால் இருந்தவர்கள் அதையும் செய்யவில்லை.

மூத்தவர் என் முழங்காலைத் தொட்டு, "பாட்டை விடு தம்பி. சட்ஜத்தை மட்டும் பிடி" என்றார்.

பிடித்தேன். ஒரே ஒரு கட்டை. தாழ்ந்த சட்ஜம். துருத்தியை மெல்ல அசைத்து அதை அறுக்காமல் வைத்திருந்தேன். "வாயைத் திறக்க வேண்டாம். ம் எண்டு சொன்னாப் போதும்" என்றார் அவர்களைப் பார்த்து. கொஞ்ச நேரம் பெட்டி மட்டும் தனியே. பிறகு எங்கோ பின்னாலிருந்து ஒரு முனகல், சுருதிக்குக் கீழே, கரகரவென்று. அது மெல்ல ஏறி ஏறி வந்து பெட்டியின் ஓசையோடு ஒட்டிய கணத்தை என் விரலில் உணர்ந்தேன். மிகையாகச் சொல்லவில்லை. சுருதி சேரும்போது பலகை வேறு மாதிரி அதிரும், வாசிக்கிறவனுக்குத் தெரியும். ஒன்று இரண்டாகி, பத்தாகி, மண்டபமே ஒரு வண்டுக்கூடு மாதிரி ரீங்கரித்தது. அதில் தமிழ் எது, சிங்களம் எது என்று பிரிக்க இயலாது. அங்கே இரண்டு மொழிக்காரரும் இருந்தார்கள், முஸ்லிம் பொடியன்களும் இருந்தார்கள். வெசாக்கில் பக்தி கீ பாடியவனும் ஆடிவேலில் காவடி எடுத்தவனும் ஒரே "ம்"முக்குள் இருந்தார்கள்.

முன்வரிசையில் ஒரு இளைஞன், கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பேச்சு, என் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கேட்டான்: "அண்ணே, நான் காத்தடிச்சு விடவா?"

"ஓம், வாங்கோ" என்றேன்.

பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி எனக்கும் அவனுக்கும் நடுவில் வைத்தேன். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கக்கூடிய வாத்தியம் இது என்பதைப் பலரும் நினைப்பதில்லை. ஒருவர் காற்று, ஒருவர் கட்டை. எனக்கு இரண்டு கையும் விடுதலை. முதலில் அவன் வேகமாக அடித்தான், ஓசை குமுறிக்கொண்டு வந்தது. "மெதுவா. மூச்சு விடுற மாதிரி" என்றேன். அதன் பிறகு அவன் தன் மூச்சோடு துருத்தியைச் சேர்த்துக்கொண்டான். அவன் இழுத்தால் ஓசை. அவன் நின்றால் முப்பது பேரும் நிற்பார்கள். அது அவனுக்கு இரண்டு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அவன் முகத்தில் வந்தது சந்தோஷம் அல்ல, கவனம். ஒரு பொறுப்பைக் கையில் வாங்கியவனுடைய கவனம். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அவனை நம்பி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்களோ?

நாங்கள் செய்தது இசைச் சிகிச்சை அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஒரு நாள் பாடிவிட்டு வந்து அந்தப் பேரைச் சூட்டிக்கொள்வது அந்தத் துறைக்கும் கைதிகளுக்கும் செய்கிற அநியாயம். சிகிச்சை என்றால் பயிற்சி பெற்றவர் ஒருவர், அதே குழு, அதே நேரம், கிழமைக்குக் கிழமை, என்ன மாறுகிறது என்று அளந்து பார்க்கிற முறை. இரண்டாம் உலகப்போரில் உடைந்து திரும்பிய படைவீரர்களின் ஆஸ்பத்திரிகளில் அது தொழிலாக உருவெடுத்தது. சிறைக்குள் அது போன வழியும் பதிவாகியிருக்கிறது. சீனத்தில் 200 ஆண் கைதிகளை இரண்டாகப் பிரித்து, 100 பேருக்குக் குழு இசைச் சிகிச்சையாக 20 அமர்வுகள் நடத்தி, மற்ற 100 பேருக்கு வழக்கமான கவனிப்பை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. குழுவில் இருந்தவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன, தன்மதிப்பு ஏறியது. நடுவில் அளந்தபோதே மாற்றம் தெரிந்தது. நோர்வேயின் பேர்கன் நகரச் சிறையில் 113 பேரோடு நடந்த இன்னொரு ஆய்வு இவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. முதல் இரண்டு கிழமையில் பதற்றம் இறங்கியது. ஆனால் பலர் சிறையில் இருந்த காலமே குறுகியது, தொடர்ந்து பார்க்க முடியவில்லை. எனக்கு இந்த இரண்டாவது ஆய்வில்தான் அதிக மரியாதை. இசை மந்திரம் இல்லை என்பதை அது மறைக்கவில்லை.

ஏன் குழு? தனியே பாடினால் போதாதா? சுவீடனில் கோதென்பர்க் பல்கலைக்கழகத்தார் 2013இல், சேர்ந்து பாடும் பதினைந்து இளையோரின் இதயத் துடிப்பை அளந்தார்கள். பாட்டு மூச்சை நெறிப்படுத்துகிறது; நீண்ட வரிக்கு நீண்ட வெளிமூச்சு. மூச்சு ஒன்றானபோது துடிப்பும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கியது. பாடுகிறவனுக்கு அது தெரியாமலே நடக்கும். சிறையில் ஒருவனுக்கு மற்றவனோடு ஒத்துப்போகிற சந்தர்ப்பம் எது? எண்ணிக்கை எடுக்கும்போது வரிசையில் நிற்பது; அது பயத்தின் ஒத்திசைவு. தட்டு ஏந்தி நிற்பது, அது பசியுடையது. ஒருவன் தன் விருப்பத்தில் மற்றவன் மூச்சுக்காகக் காத்திருக்கிற ஒரு மணி நேரம் வேறெங்கே கிடைக்கும்?

குற்றம் செய்தவனுக்குப் பாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் கேட்டால் அந்தக் கேள்விக்கு முன்னால் நான் தலை குனிவேன். ஆனால் உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் வெளியே வருவார்கள், நம் ஒழுங்கைக்கே வருவார்கள். போதைப்பொருள் வழக்கில் போன பொடியன் எந்த மனதோடு திரும்புகிறான் என்பது அவன் தாய்க்கு மட்டும் உரிய கவலை அல்ல. இன்னொரு கேள்வி எனக்கே உண்டு, அது இதைவிடக் கூர்மையானது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு, ஆண்டாண்டாக வழக்கு முடியாமல் கிடந்தவர்களுக்குப் பெட்டி வாசித்துக் காட்டுவது எப்படி? அவர்களுக்குத் தேவை நீதி. சுருதி சேர்ந்தால் நீதி வந்துவிடாது. இசையை நீதிக்குப் பதிலாக யாராவது நீட்டினால் தட்டிவிட வேண்டும். நீதி வரும் வரைக்கும் அந்த மனிதன் மூச்சுவிட வேண்டுமே என்பதுதான் என் பேச்சு.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. கோயில் மண்டபத்திலும் சபையிலும் தேவாலயத்திலும் இந்த நகரத்தில் எத்தனை பெட்டிகள் உறையோடு கிடக்கின்றன! கடற்காற்றில் கம்பி துருப்பிடித்து, துருத்தித் தோலைக் கரப்பான் அரித்து, நவராத்திரிக்கு நவராத்திரி வெளியே வருகின்றன. கொட்டாஞ்சேனையில் ஒரு திருத்துகிறவர் என் பெட்டிக்குச் சுருதி ஏற்றிய விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ரீட்டின் நுனியைப் பிளேடால் ஒரு சுரண்டு சுரண்டினால் ஓசை ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஒரு சுரண்டல், ஊதிப் பார்ப்பது, மறுபடி ஒரு சுரண்டல். அதிகம் சுரண்டினால் ரீட் முறிந்துவிடும் என்பதால் அவசரமே படமாட்டார். உள்ளே ஒரு பெட்டி நிலையாக இருந்து, இந்த வேலையை அங்கே இரண்டு பேர் பழகினால் அது ஒரு தொழில். வெளியே வந்த பிறகும் கையில் இருக்கும். பஜனைக் குழுக்களுக்கு முறையான பயிற்சி கொடுக்க ஒருவர், கிழமையில் ஒரு நாள், விட்டுப்போகாமல். பண்டிகைக்குப் போய்ப் படமெடுத்துக்கொண்டு வருவதை முதலில் நாங்களே நிறுத்தவேண்டும்.

அன்று ஒரு மணி நேரம் தந்திருந்தார்கள். கடைசிப் பத்து நிமிஷத்தில் பாட்டு தானாக வந்தது. யாரோ ஒரு பழைய சினிமா மெட்டை எடுத்தார்கள், பின்வரிசை தாளம் போட்டது, ஒரு சிங்கள இளைஞன் நூர்த்திப் பாட்டு ஒன்றின் பல்லவியைக் கூச்சத்தோடு எடுத்தான். அவன் பாட்டி பாடுவாளாம். அந்த மெட்டு என் விரலுக்குப் பழக்கமாகவே இருந்தது. பார்சி மேடையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் வந்த ஒரே மெட்டு. துருத்தியில் இருந்தவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்; வேகத்தைக் கூட்டினான்.

மணி அடித்தது. பெட்டியை மூடினேன். அவன் உறையின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தான். "இத இங்கயே வச்சிட்டுப் போக ஏலாதா?" என்று கேட்டான். எனக்கு விருப்பம்தான் என்றேன். காவலர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், இல்லை என்பதாக. அவரும் அந்த ஒரு மணி நேரம் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வாசலில் மறுபடி மூடியைக் கழற்றினேன், பலகையைத் தூக்கினேன். டோர்ச் நாலு மூலைக்கும் போய் வந்தது. போகும்போது இருந்த வெற்றிடம் அப்படியே இருந்தது. பதிவேட்டைத் திறந்து காலையில் எழுதிய வரியைத் தேடி, அதற்கு நேரே அடுத்த கட்டத்தில் எழுதினார். ஆர்மோனியம், 1. வெளியே.